செம்பும் ஓர் அணியே

தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் ஒரு திருமண மண்டபத்தில் கூடும்போது, முகத்தை நோக்குமுன் கழுத்தையும் கையையும் நோக்குவது வழக்கமாகிவிட்டது. வந்த இடத்தில் நாம் தாழ்ந்துவிடவில்லை என்பதற்குப் பொன்னையே சான்றாகக் காட்டப் பழகிவிட்டோம். இப்பழக்கத்தைப் பற்றிச் சற்றே எண்ணிப் பார்க்கும்படி எங்கள் இல்லத்தில் நேர்ந்த சிறு நிகழ்ச்சியொன்றை இன்று கூற விழைகிறோம்.

தில்லியில் பயிலும் எங்கள் மகள், கைவினை வகுப்பொன்றில் தானே ஒரு செப்புக் காப்புச் செய்து கொண்டுவந்தாள். அதை அணிந்தவாறே உறவினர் திருமணத்திற்குப் புறப்பட்டாள். "செம்பைப் போட்டுக்கொண்டா வருவாய், அம்மா?" என்று கேட்டு, அதைக் கழற்றச் செய்தோம். அவள் மறுத்துப் பேசவில்லை. காப்பைக் கைக்குட்டையில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தாள். பந்தியில் அமர்ந்திருந்தபோதும் அந்தக் கைக்குட்டையே எங்கள் நினைவில் நின்றது.

மறுநாள், காப்புச் செய்த முறையைக் கேட்டறிந்தோம். செப்புப் பட்டையைத் தட்டத் தட்ட அது விறைத்துக்கொள்ளும். பின்னும் தட்டினால் வெடித்துவிடும். ஆகவே மங்கிய செந்நிறம் தோன்றும்வரை அதைக் காய்ச்ச வேண்டும். காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்தால் கடினமாகும். செம்போ தோய்த்த பின்னும் மென்மையாகவே இருக்கும். இவ்வாறு பலமுறை காய்ச்சி, கொட்டாப்புளியால் தட்டி வளைத்து, மணிக்கட்டைக் கீறாதபடி முனைகளை அரத்தால் அராவி, இறுதியில் புளியிட்டுத் துலக்கினாளாம். அவள் விரல்களில் கொப்புளம் இருந்ததை அப்போதுதான் கண்டோம்.

நாம் போற்றும் 22 காரட் பொன்னில், 24 பங்குக்கு 2 பங்கு பிற உலோகம் உண்டு. பெரும்பாலும் அது செம்பும் வெள்ளியுமே. தனிப்பொன் மிக மெல்லியது. நாள்தோறும் அணியும் நகைக்கு உறுதி தருவது இக்கலப்பே. பொன்னுக்குள் மறைந்து உழைக்கும் செம்பை விரும்பி ஏற்கிறோம்; அது தன் நிறத்தோடு வெளிவந்தால் நாணுகிறோம்!

தில்லி தேசிய அருங்காட்சியகத்தில், 1926இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த நடன மங்கையின் சிலை உள்ளது. செம்போடு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தால் ஆகிய அச்சிறு உருவத்தின் இடக்கை முழுதும் வளையல்கள். இடுப்பில் கையூன்றி அவள் நிமிர்ந்து நிற்கும் நிலையில் நாணத்தின் சாயலே இல்லை.

செம்பின் பெருமையைச் சொல்லும்போது மிகைபடச் சொல்லலும் ஆகாது. செப்புக் காப்பு மூட்டுவலியைத் தீர்க்கும் என்பது பலருடைய நம்பிக்கை. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் 2009, 2013 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதற்குச் சான்று தரவில்லை. வலியுள்ளோர் மருத்துவரையே நாட வேண்டும். வியர்வை பட்டால் செம்பு தோலில் பச்சைக் கறை விடும். சோப்பிட்டுக் கழுவினால் அது போய்விடும். செம்பில் களிம்பு படிவதும் இயல்பே. உயிரைப் பற்றிய ஆணவத்திற்குச் சைவ சித்தாந்த ஆசிரியர்கள் இக்களிம்பையே உவமை கூறினர். அன்று களிம்பு படிந்திருந்தது மகளின் காப்பில் அன்று, எங்கள் உள்ளத்தில்தான்.

விலையும் மருந்தும் இல்லையெனில் செப்பணியில் எஞ்சுவது யாது? செய்த கையின் உழைப்பு. அணிவதற்கேற்ற செவ்விய நிறம். பெட்டகத்தில் பூட்டாமல் நாள்தோறும் அணியும் உரிமை. எளிய வருவாயுடைய குடும்பத்திற்கு இவை சிறியன அல்ல.

சின்னாட்களில் மற்றொரு திருமணம் வந்தது. இம்முறை இழுப்பறையைத் திறந்து, மங்கியிருந்த காப்பைப் புளியிட்டுத் துலக்கி, அவள்முன் வைத்தவர்கள் நாங்களே. அவள் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினாள்.