தாழ்த்திய வண்டியும் கடின ஓட்டமும்



பிக்கப் எனப்படும் சிறு பார வண்டி உழைப்பிற்கென்றே பிறந்தது. அழகுக்காக அதனை எவரும் வாங்குவதில்லை என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆயினும் அவ்வண்டியைத் தாழ்த்தி, தரையை ஒட்டி ஊர்ந்து செல்லுமாறு அமைத்து மகிழும் பழக்கம் அமெரிக்காவில், சிறப்பாகக் கலிபோர்னியா மாநிலத்தில், நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அங்கு வாழ்ந்த மெக்ஸிகோ வழியினரான இளைஞர்கள் தங்கள் கார்களைத் தாழ்த்தி ஓட்டத் தலைப்பட்டனர். பிற்பாடு இவ்வழக்கம் பிக்கப் வண்டிகளையும் பற்றிக்கொண்டது. சக்கர வளையத்தின் அடிவிளிம்பைக் காட்டிலும் வண்டியின் எப்பகுதியும் தாழ்ந்திருக்கலாகாது என்று 1958-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. உடனே ரான் அகிரே என்னும் இளைஞர், விமானங்களில் பயன்படும் திரவ அழுத்தக் கருவிகளைத் தம் காரில் பொருத்தி, நினைத்தபோது தாழ்த்தவும் காவலரைக் கண்டால் உயர்த்தவும் வழி கண்டார். அச்சட்டப் பிரிவு 2024 ஜனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது.

சட்டம் மன்னித்தாலும் முதுகெலும்பு மன்னிப்பதாக இல்லை. தாழ்த்திய பிக்கப்பில் ஏறியவர்கள் கூறும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: வண்டி ஓடவில்லை, உதைக்கிறது. இவ்வுதைப்பு எங்கிருந்து வருகிறது, அதனை எவ்வாறு போக்கலாம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தாழ்த்தாத பிக்கப்பே சற்றுக் கடினமாகத்தான் ஓடும். தில்லியிலோ மும்பையிலோ புணேயிலோ வாழும் நம்மில் பலருக்கு, வீடு மாறும் நாளில், அலமாரியும் அரிசி மூட்டையும் ஏற்றிய பிக்கப்பில் ஓட்டுநர் அருகே அமர்ந்து சென்ற அனுபவம் உண்டு. சாமானோடு செல்லுங்கால் வண்டி ஒருவாறு இதமாகவே செல்லும். சாமானை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் ஓட்டுநரே குலுங்குவார். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகள் முழுப் பாரத்தைச் சுமப்பதற்கென்று அமைந்தவை. பாரமில்லாதபோது அவை வளைய மறுக்கின்றன.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வண்டியின் எடையால் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், வண்டி வினாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் ஆடும். நாம் நிதானமாக நடக்கையில் உடல் அசைவதை ஒத்த வேகம் இது. ஆதலின் உடலுக்கு அது இசைவானது. ஸ்பிரிங் 6 சென்டிமீட்டரே அமுங்கினால் ஆட்டம் வினாடிக்கு இரண்டாகும். வெறும் பிக்கப்பின் பின்புறம் ஏறக்குறைய இந்நிலையில்தான் இருக்கிறது. அமர்ந்திருக்கும் மனிதனின் உடல் வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வுகளையே மிகவும் கடுமையாக உணர்கிறது. நாள் முழுவதும் வண்டியோட்டும் தொழிலாளரிடையே இடுப்புவலி மிகுந்து காணப்படுவதற்கு இத்தகைய அதிர்வு ஒரு காரணம் என்று மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொண்டிருக்கின்றனர்.

இனி, தாழ்த்தும்போது என்ன நேர்கிறது என்று பார்ப்போம். பின் அச்சுக்கும் வண்டியின் சேஸிஸ் சட்டத்திற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. பள்ளம் மேடுகளில் அச்சு மேலெழும்போது அவ்விடைவெளிக்குள்தான் அது நடமாட வேண்டும். எல்லைக்கு வந்துவிட்டால் இரும்போடு இரும்பு மோதாதிருக்க, ஒரு தடுப்பு ரப்பர் பொருத்தியிருப்பார்கள். அந்த இடைவெளி மூன்று அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு அங்குலக் கட்டையை வைத்து வண்டியைத் தாழ்த்திவிட்டால், எஞ்சுவது ஓர் அங்குலமே. நல்ல சாலையின் சிறு மேடு கூட அந்த ஓர் அங்குலத்தை விழுங்கிவிடும். அதன்பின் ஸ்பிரிங்குக்கு வேலையில்லை. தடுப்பு ரப்பரே வண்டியைத் தாங்குகிறது. நாம் உணரும் உதை அந்த ரப்பரின் உதை.

இதனை அறியாதவர்கள், ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது போலும் என்று கருதி, மென்மையான ஸ்பிரிங் வாங்கிப் பொருத்துகிறார்கள். மென்மையான ஸ்பிரிங் எளிதில் அமுங்கும். அமுங்கவே ரப்பர் மேலும் அடிக்கடி மோதும். கைப்பொருளும் செலவாகி, குலுக்கமும் கூடிவிடும். உண்மையை அறியச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. தடுப்பு ரப்பரின் முகத்தில் ஈரக் களிமண்ணை ஓர் உருண்டையாக ஒட்டிவிட்டு, வழக்கமாகச் செல்லும் சாலையில் சிறிது தூரம் ஓட்டித் திரும்பவேண்டும். களிமண் நசுங்கித் தட்டையாகியிருந்தால், குற்றம் ஸ்பிரிங்கினுடையதன்று. இடம் போதாமையே குற்றம்.

இது சுகத்தை மட்டும் பொறுத்த செய்தி என்று எண்ணலாகாது. மழை நனைத்த வளைவில் வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போது பின் அச்சு ரப்பரில் மோதினால், பின்புறம் ஒரு கணத்தில் கல்லைப் போல் இறுகி, சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும். துள்ளிய சக்கரத்திற்கு பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. வண்டியின் வால் ஒரு பக்கமாக வீசியெறியப்படும்.

பரிகாரம் கூறுமுன் ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் இவ்வாறு வண்டியைத் தாழ்த்துவதற்கே இடமில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆதலின் இனி வருவன அமெரிக்கப் பட்டறைகளின் முறைகள் என்று கொள்க.

அங்குள்ள தேர்ந்த தொழிலாளர் முதலில் இடத்தை மீட்கிறார்கள். அச்சுக்கு நேர்மேலே சேஸிஸ் சட்டத்தின் அடிப்பாகத்தை வில் வடிவமாக வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தைத் தடித்த இரும்புத் தகட்டால் வலுப்படுத்திவிடுகின்றனர். அச்சு மேலெழ அங்குலக் கணக்கில் இடம் கிடைக்கிறது. தேர்ந்த கைத்திறன் இல்லாத பட்டறையில் இதனைச் செய்யலாகாது; வண்டியின் முதுகெலும்பையே வெட்டுகிறோம் என்பது நினைவிருக்க வேண்டும். பழைய தடுப்பு ரப்பரை நீக்கி, நுரை போன்ற பாலியூரித்தேனால் ஆன குட்டையான தடுப்பைப் பொருத்துவதும் உண்டு. அது திடீரென்று மோதாமல் படிப்படியாக இறுகி, தானே ஒரு சிறு ஸ்பிரிங்காக உதவுகிறது.

முன்புறத்தில் அனைவரும் செய்யும் குறுக்கு வழி, சுருள் ஸ்பிரிங்கை அறுப்பது. எட்டுச் சுற்றுள்ள சுருளில் ஒரு சுற்றை அறுத்தால், எஞ்சியது ஏறக்குறைய நூற்றுக்குப் பதினான்கு பங்கு கடினமாகிவிடும். தாழ்வோடு கடினமும் இலவசமாக வரும். சிலர் நெருப்பில் காய்ச்சி ஸ்பிரிங்கைத் தளரச் செய்வர். எஃகின் பதமே அதனால் கெட்டுவிடும். இதனை நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம். நேரிய வழி, சக்கரம் சுழலும் ஸ்பிண்டிலையே மாற்றுவது. ஸ்பிண்டிலின் இடம் மேலே ஏறினால் ஸ்பிரிங் இருந்தபடி இருக்க, வண்டி மட்டும் தாழும். விலை கூடுதல்தான், ஓட்டம் கெடுவதில்லை.

அடுத்தது ஷாக் அப்சார்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் பெருந்தொல்லை. அதிர்ச்சி தாங்கி என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் தவறிவிடுகிறது. அதிர்ச்சியைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் ஓயாமல் ஆடாதபடி அடக்குவதே இக்கருவியின் பணி. பிரிட்டிஷார் அதனை டாம்பர், அதாவது தணிப்பான், என்பர், அதுவே பொருத்தம். பெயரை நம்பிய பலர், உதை மிகுந்தவுடன் மிக இறுக்கமான ஷாக் அப்சார்பரைத் தேடுகிறார்கள். அது ஸ்பிரிங்கையும் கட்டிப்போட்டு உதையைப் பெருக்கும். தாழ்த்திய வண்டிக்கு வேண்டுவது இறுக்கமன்று, நீளம் குறைந்தது. பழைய நீளக் கருவி, குறைந்த உயரத்தில் தன் அடிமட்டத்திலேயே நின்று, தானே ஒரு தடையாகிவிடும்.

இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் மறக்கலாகாது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டுகளை முறுக்கிவிடுவது பட்டறைகளில் வழக்கம். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டே நிற்கும். ஓட்டம் கடினமாகும், ரப்பரும் விரைவில் கிழியும். சக்கரங்கள் தரையில் நின்று எடையைத் தாங்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். இது தாழ்த்தாத வண்டிக்கும் பொருந்தும். டயரின் பக்கத்தில் பொறித்த காற்றழுத்தம் மேல்வரம்பே. ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள சீட்டில் குறித்த அளவே அன்றாடத்திற்கு உரியது. மெல்லிய பக்கச்சுவருள்ள டயரை அழகுக்காகப் பூட்டியவர்கள், காற்றிலும் தவறிழைத்தால் மீள்வதற்கு இடமே இராது.

இத்தனையும் செய்த பின்னரும் வண்டி அதிருமானால், அது சாலையின் அதிர்வுதானா என்று பார்க்கவேண்டும். வழுவழுப்பான சாலையிலும் வேகம் கூடக் கூட அதிர்வு ஏறினால், குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை. அச்சைத் தாழ்த்தியபோது, எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் கோணம் மாறியிருக்கக்கூடும். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவான ஒரு தகட்டைச் செருகி அக்கோணத்தை நேர்செய்வார்கள்.