காசில் ஏறிய பாம்பு



ரோம சக்கரவர்த்திகள் காலத்தில், கிரேக்கம் பேசிய கீழ்நாட்டு ஊர்கள் செம்புக்காசுகளைத் தாங்களே அடித்துக்கொண்டன. ஒரு பக்கம் சக்கரவர்த்தியின் தலை, மறுபக்கம் பெரும்பாலும் ஊர்க் கடவுள், எழுத்து கிரேக்கம். கருங்கடற்கரையிலிருந்த அபோனோட்டீக்கோஸ் என்னும் ஊரின் காசில் ஒரு பாம்பு சுருண்டு நிற்கிறது. பெயர் கிளைக்கோன்.

இக்கடவுளின் பிறப்பை லூக்கியன் என்பவர் அக்காலத்திலேயே எழுதிவைத்தார். அலெக்சாந்தர் என்பவன் மாசிடோனியாவில் ஒரு சாதுவான பாம்பை விலைக்கு வாங்கி, துணியால் மனித முகம் செய்து மாட்டினானாம். குதிரை மயிரை இழுத்தால் வாய் திறக்கும். நாரையின் தொண்டைக் குழல்களைப் பொருத்தி, வெளியே இருந்து ஒருவன் பேசுவான். கடவுள் திருவாய் மலர்ந்தருளினார்! கேள்விக்குக் கட்டணம் ஒரு திரக்மா, இரண்டு ஓபோல். கடன் உண்டா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பாமரர்தானே ஏமாந்தார்கள் என்பீர்கள். ரோமாபுரியில் கான்சல் பதவி வகித்த ருட்டிலியானஸ், சந்திரதேவிக்குப் பிறந்தவள் என்று சொல்லப்பட்ட இவன் மகளை அறுபதாம் வயதில் மணந்துகொண்டார். சந்தேகித்த எபிக்யூரசின் கூட்டத்தாருக்கோ கல்லடி; எபிக்யூரசின் நூலுக்குச் சந்தையில் தீ.

லூக்கியன் அவனுக்கு விரோதி, மிகைப்படுத்தியிருப்பார் என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும். அன்டோனினஸ் பயஸ் (138–161) காலத்துக் காசிலேயே பாம்பும் பெயரும் இருக்கின்றனவே! லூக்கியனின் நூல் படிக்கத் தெரிந்த சிலர் கைக்குத்தான் போயிருக்கும். காசோ மீன் வாங்குகிறவன் மடியிலும் இருந்தது. சக்கரவர்த்தியின் தலைக்குப் பின்னால் இருக்கும் கடவுளைப் பொய்யென்று அவன் எப்படிச் சொல்வான்?

ஊர்ப் பெயரை அயோனோபோலிஸ் என்று மாற்றும்படியும் அலெக்சாந்தர் சக்கரவர்த்தியிடம் விண்ணப்பித்தான். பெயர் மாறியது. அவன் செத்த பிறகு, 3-ஆம் நூற்றாண்டிலும் பாம்புக் காசு வந்தது. துருக்கியிலுள்ள அவ்வூர் அப்பெயரின் சிதைவாக இன்றும் இனெபோலு என்றே அழைக்கப்படுகிறது.