வைத்திருந்தவர் யார்?



பழைய கடிதம் ஒன்று கையில் கிடைத்தால் எழுதியவர் யார், பெற்றவர் யார் என்று கேட்கிறோம். கொரியக் கடிதங்களைப் படிக்கும்போது இன்னொரு கேள்வியும் வேண்டும்: அதை வைத்திருந்தவர் யார்?

கொரியாவின் ஜோசன் அரசில் கற்றோர் எழுத்து சீன எழுத்து. 1446-இல் அரசர் செஜோங் 28 எழுத்துகள் கொண்ட புதிய எழுத்துமுறையை மக்களுக்கு வழங்கினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே சே மல்லி முதலான அறிஞர்கள் அதை எதிர்த்து விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். இன்று ஹங்குல் எனப்படும் அவ்வெழுத்து அன்று ‘ஒன்முன்’, அதாவது பாமர எழுத்து. அரசாணையும் தத்துவமும் பெரும்பாலும் சீன எழுத்திலேயே நடந்தன. கடிதங்களில், தாய்க்கோ மனைவிக்கோ மகளுக்கோ எழுதும்போதுதான் ஆண்கள் பெரும்பாலும் ஒன்முனுக்கு வந்தார்கள். அக்கடிதங்களில் பெரும்பாலும் ஒரு முனையில் ஒரு பெண் இருந்தாள்.

இனி, வைத்திருந்தவர்கள். முதலாமவர் மாணவர். பேரறிஞர் தோகே யி ஹ்வாங்கும் அவரைவிட 26 வயது இளையவரான கி தே-சுங்கும் மனித உணர்ச்சிகளின் மூலம் பற்றிப் பல ஆண்டுகள் கடிதத்திலேயே வாதிட்டார்கள். அத்தகைய கடிதங்கள் எப்படி எஞ்சின? ஓர் அறிஞர் மறைந்தால் மாணவரும் வழித்தோன்றல்களும் அவர் எழுதியவற்றைத் தொகுத்து மரப்பலகையில் செதுக்கி அச்சிடுவது மரபு. அந்தத் தொகுப்புகளில் சீன எழுத்துக் கடிதங்களுக்கு இடம் கிடைத்தது. மனைவிக்கு எழுதிய ஒன்முன் கடிதம் வாசலிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது, மண். 1977-இல் சோங்ஜூவில் ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து 192 தாள்கள் வெளிவந்தன. கணவர் ஆசைநாயகி வைத்துக்கொண்ட ஆற்றாமையைத் தாய் மகளிடம் கொட்டும் கடிதங்களும் அவற்றில் உண்டு. 2011-இல் தேஜோனில் ஒரு மனைவியின் கல்லறையில் கிடைத்தவை, வடக்கே பணியாற்றிய படை அலுவலர் நா சின்-கோல் 1490 வாக்கில் எழுதியவை. வீட்டுக்கு வர முடியாத வருத்தமும், முகப்பூச்சும் ஊசியும் வாங்கி அனுப்பிய செய்தியும் அவற்றில் இருக்கின்றன. புதிய எழுத்துக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் எல்லைப்புற அலுவலர் கைக்கு அது வந்துவிட்டது. அது பரவியதற்கு எந்த அரசு ஆவணத்தையும்விட இது வலுவான சான்று.

1998-இல் ஆண்டோங்கில் யி உங்-தே என்பவரின் கல்லறை திறக்கப்பட்டது. 1586-இல் இறந்த கணவருக்கு மனைவி எழுதிய கடிதம் உள்ளே இருந்தது. தாள் நிரம்பியதும் மேல் ஓரத்தில் தொடர்ந்திருக்கிறார். அதுவும் நிரம்பியதும் தாளைத் தலைகீழாகத் திருப்பி, தொடக்கத்தில் விட்ட வெற்றிடத்தில் முடித்திருக்கிறார். கணவரை அவர் விளிக்கும் சொல், இணையானவரை விளிப்பது. அச்சுப் பிரதியில் மட்டும் படித்தால் சொல் கிடைக்கும்; தாள் சுழன்ற சுழற்சி கிடைக்காது.

மூன்றாமவர், சொல் கேளாத ஓர் அமைச்சர். அரசர் ஜோங்ஜோ எதிர் அணித் தலைவரான சிம் ஹ்வான்-ஜிக்கு 1796 முதல் 1800 வரை இரகசியக் கடிதங்கள் எழுதினார். படித்ததும் அழித்துவிடச் சொன்னார். அமைச்சர் அழிக்கவில்லை. 2009-இல் ஏறக்குறைய 300 கடிதங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. சீன எழுத்தில் சரளமாக ஓடும் ஒரு கடிதத்தில் திடீரென ஒரு ஹங்குல் சொல்: ‘தாறுமாறு’ என்ற பொருளுடைய பேச்சுச்சொல். எரிச்சல் வந்த இடத்தில் அரசருக்கும் வீட்டு மொழிதான் கைகொடுத்தது.

மாணவர் வைத்திருந்தால் கடிதம் நூலாகிறது. மண் வைத்திருந்தால் வீடு தெரிகிறது. அமைச்சர் வைத்திருந்தால் அரசியல் தெரிகிறது. ஒரே சமூகம் மூன்று முகம் காட்டுவது இதனால்தான்.

ஆகவே இக்கருத்தரங்கின் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பேசப்போகும் கடிதம் கல்லறையிலிருந்து வந்ததா, குடும்பப் பெட்டியிலிருந்தா, அச்சான தொகுப்பிலிருந்தா என்பதை முதலில் அவைக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மற்ற கேள்விகளை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இக்கருத்தரங்கைத் தொடங்கிவைத்து அமர்கிறேன்.