விசாரணையும் நல்லுறவும்

1974ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகரிலே மதுச்சாலைகளிற் குண்டுகள் வெடித்தன. பொலிசார் பெற்ற ஒப்புதல் வாக்குமூலங்களைக் கொண்டே நால்வர் ஆயுட்சிறை புகுந்தனர். 1989இலேதான் அத்தீர்ப்பு இரத்தாயிற்று.

இத்தகைய தவறுகளின் பின், 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு விசாரணை முறை மாற்றியமைக்கப்பெற்றது. அதிகாரி முதலிற் சந்தேக நபருக்கு அவர்தம் உரிமைகளையும் விசாரணையின் நோக்கத்தையும் விளக்கி நல்லுறவை ஏற்படுத்துகிறார். அவர் கூறுவதை இடைமறியாது கேட்கிறார். சான்றுகளோடு முரண்படுவனவற்றைப் பின்னரே வினவுகிறார்.

இதனைக் குற்றவாளிக்குச் செல்லங்கொடுத்தல் என்பாருமுளர். நான் அவ்வாறு கருதேன். பணியேற்ற புதிதிலே, "நீதானே உடைத்தாய்?" என்று பிரம்போடு நான் கேட்க, "ஓம் ஐயா" என்றான் ஒரு மாணவன். சாளரக் கண்ணாடியை உடைத்தவன் வேறொருவன் என்பது மறுவாரந் தெரிந்தது. அவனை அமரச்செய்து, "அன்று மாலை எங்கே நின்றாய்?" என்று கேட்டிருப்பேனாயின், வயலிலே தந்தைக்கு உதவிக்கொண்டிருந்ததைச் சொல்லியிருப்பான்.