வலிப்பு நோயுள்ள பிள்ளையும் பெற்றோரும்

(பெற்றோர் சந்திப்பில் ஒரு தாய் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் அல்லேன். வலிப்பு நோயுள்ள ஒரு பெண்பிள்ளையின் தாய். அதுவே என் தகுதி.

மகளுக்கு ஆறு வயதில் முதல் வலிப்பு வந்தது. மருத்துவர் தந்த மாத்திரையால் எட்டு மாதம் வலிப்பே வரவில்லை. அந்தத் தைப்பூசத்தில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் எடுத்தேன். "முருகனிடம் ஒப்படைத்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு?" என்று நானாகவே நிறுத்திவிட்டேன். நான்காம் நாள் விடியற்காலையில் வந்த வலிப்பு நிற்கவே இல்லை. 995-ஐ அழைத்து, மருத்துவமனைக்குச் சென்ற பிறகே அடங்கியது. பால்குடம் எடுத்தது தவறன்று. மருந்தைத் திடீரென நிறுத்தியதே தவறு. இன்று திருநீறும் இடுகிறேன், மாத்திரையும் தருகிறேன்.

இந்நோய் பாவத்தின் பலனன்று, தொற்றுவதுமில்லை. மூளையின் மின்னோட்டம் சற்று நேரம் தாறுமாறாவதே வலிப்பு. முறையாக மருந்து உட்கொண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மருந்து தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். ஆகவே சிவராத்திரிக்கு அவளைக் கண்விழிக்க விடுவதில்லை.

எனது இரண்டாவது தவறு, மறைத்தது. "பெண்பிள்ளையாயிற்றே, நாளை யார் கட்டுவார்?" என்ற அச்சம். ஒரு திருமண வீட்டில் அவள் விழுந்தபோது ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் வாயில் கரண்டியை நுழைத்தார். பல் உடைந்தது. அவர்கள்மேல் குற்றமில்லை, சொல்லாதது என் குற்றம்.

பிறகு உறவினர், ஆசிரியர், அண்டை வீட்டார் அனைவரிடமும் சொன்னோம்: பிள்ளையை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்சை அழையுங்கள். சொன்ன பிறகுதான் எங்கள் பாரம் குறைந்தது.

ஒருநாள் மூத்தவன் கேட்டான்: "அம்மா, எனக்கும் வலிப்பு வந்தா என்கூட இருப்பீங்களா?" அன்றிலிருந்து ஞாயிறு மாலை அவனுக்கு உரியது, மகளை அவள் அப்பா பார்த்துக்கொள்வார்.

அன்பர்களே, ஆலயத்தில் இத்தகைய தாயைக் கண்டால் "ஐயோ பாவம்" என்று சொல்ல வேண்டாம். "பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் நிம்மதியாகச் சாமி கும்பிட்டு வாம்மா" என்று சொல்லுங்கள். எங்களுக்கு அதுவே பெரிய தர்மம்.