நாள்தோறும் ஒரு வரி

வலிப்புக் கண்டு ஒருவர் விழுந்தால், அவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். சில நிமிடங்களில் வலிப்புத் தானே அடங்கும். புகழ் சாவிக்குப் போய்ச் சேரும். இரும்புக்கு அந்த ஆற்றல் கிடையாது. ஆயினும், வலிப்புள்ளவர் கையில் இருக்கத் தக்க பொருள் ஒன்று உண்டு. அது ஒரு குறிப்பேடு. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வலிப்பெல்லாம் ஒரே வகையன்று. மூளை நரம்பணுக்களின் மின்னியக்கம் கட்டுமீறுவதால் வருவது கால்-கை வலிப்பு. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது உண்டு. மற்றொரு வகையில் அத்தகைய மின் மாறுதல் இராது. மனத்தின் நெருக்கடி உடல் வழியே வெளிப்படும். இது நடிப்பன்று, வேண்டுமென்றே செய்வதுமன்று. முன்னதற்கு மருந்து முதன்மையானது. பின்னதற்கு உளச் சிகிச்சை முதன்மையானது. இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. பிரித்தறிய வேண்டியவர் மருத்துவரே.

இவ்விரு சாராருக்கும் உளச் சிகிச்சையில் அளிக்கப்பெறும் பயிற்சிகளுள் ஒன்று, அன்றாடம் தம்மைத் தாமே கவனித்து எழுதுவது. அமெரிக்காவில் இத்தகைய பயிற்சி முறையைக் கொண்டு 38 பேரிடம் நடந்த சிறிய ஆய்வொன்று 2014-இல் வெளிவந்தது. இரண்டாம் வகை வலிப்புள்ள அவர்களுள் உளச் சிகிச்சை பெற்றோர்க்கு வலிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2020-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு 368 பேரைக் கொண்டது. அதில், வேறொரு முறையில் உளச் சிகிச்சை பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் வலிப்பின் எண்ணிக்கையில் தெளிவான வேற்றுமை காணப்படவில்லை. ஆயினும், சிகிச்சை பெற்றோரின் அன்றாட வாழ்வில் அதனால் வரும் இடையூறு குறைந்தது. ஆகவே இது மாயமருந்தன்று, துணை.

எழுத வேண்டியவை யாவை? உறங்கிய நேரம், மருந்துண்ட வேளை, மனநிலை, அன்றைய சிறப்பான நிகழ்ச்சி. வலிப்பு வந்திருப்பின் அதன் நேரமும், அதற்கு முன் தோன்றிய முதல் அறிகுறியும். வலிப்பின்போது தன்னினைவு இராதிருக்கலாமாகையால், கண்டவர் சொல்வதையும் சேர்த்தெழுத வேண்டும்.

இங்கே பலர் ஒரு பிழை செய்வர்; வலிப்பு வந்த நாளை மட்டும் எழுதுவர். நாகபுரியில் பணிபுரியும் அன்பர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். "மேலதிகாரியோடு சச்சரவு, மாலையில் வலிப்பு" என்று இரு முறை எழுதுகிறார். சச்சரவே காரணம் என்று அஞ்சி, வேலையை விட்டுவிடவும் எண்ணுகிறார். பிறகு எல்லா நாளையும் எழுதத் தொடங்குகிறார். மூன்று மாதக் குறிப்பைப் புரட்டினால், சச்சரவு நடந்த நாட்கள் பல வலிப்பின்றியே கழிந்திருக்கின்றன. வலிப்பு வந்தனவோ, இரவுப் பணியாலோ ஊருக்குச் செல்லும் ரயில் பயணத்தாலோ உறக்கம் கெட்டு, மாத்திரையும் தவறிய நாட்கள். வேலை தப்பியது; திருத்த வேண்டியது எது என்பதும் புலப்பட்டது. அமைதியான நாட்கள் சாட்சி சொல்லாவிடில் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வேடு பின்னும் பயன்படும். மருத்துவரின் மொழி நமக்கு முழுதும் வாராதிருக்கலாம். மனநிலையைத் தமிழிலேயே எழுதுங்கள். தேதியையும் நேரத்தையும் இலக்கத்தில் எழுதினால் எம்மொழி மருத்துவரும் படித்துக்கொள்வார். ஊர் மாறினாலும் நோயின் வரலாறு கைவிட்டுப் போகாது.

எழுதினால் பிறர் அறிந்துவிடுவரே, பெண்ணின் திருமணம் தடைப்படுமே என்று மறைப்போர் உண்டு. இந்து திருமணச் சட்டம் கூறிய தடைகளிலிருந்து கால்-கை வலிப்பு 1999-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் விட்ட அச்சத்தை நாம் சுமப்பானேன்?

ஏடு நன்றாயிருக்கிறது என்று மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மற்ற நாட்களில், படுக்கைக்குப் போகுமுன் ஒரு வரி போதும். "இன்று ஒன்றுமில்லை" என்பதும் எழுதத் தக்க செய்தியே.