பாண்டிச்சேரி வீட்டை அடையாறு ஃப்ளாட்டுக்குள்ள கொண்டு வர முடியுமா?

இன்னைக்கு கோடிங், டெப்ளாய்மென்ட் எதுவும் கிடையாது. வீட்டு அலங்காரம். அதுலயும் இப்போ அடையாறு, தி.நகர் ஃப்ளாட்கள்ல அடிக்கடி கண்ணுல படுற ‘ஃப்ரெஞ்சு விண்டேஜ்’ ஸ்டைல். வெள்ளை பெயின்ட் அடிச்சு, ஓரத்துல மட்டும் வேணும்னே சுரண்டி விட்ட மேஜை, பால்கனியில வளைவு வளைவா இரும்பு நாற்காலி, ஒரு தொட்டியில லாவெண்டர்.

அந்தச் சுரண்டின மேஜைக்கும் பிரான்ஸுக்கும் நாம நினைக்கிற அளவு நெருக்கம் இல்ல. 1989-ல ரேச்சல் ஆஷ்வெல் என்பவர் கலிஃபோர்னியாவுல, சாண்டா மோனிகாவுல, ‘ஷேபி ஷிக்’னு ஒரு கடை திறந்தாங்க. அதுக்கப்புறம்தான் அந்தப் பேரும் அந்தத் தோற்றமும் உலகம் பூரா பிரபலமாச்சு. நிஜமான ஃப்ரெஞ்சுக் கலப்பைப் பார்க்கணும்னா நமக்கு ஈ.சி.ஆர்-ல மூணு, மூணரை மணி நேரம் பஸ் பயணம் போதும்.

பாண்டிச்சேரி போனா பெரும்பாலும் கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் முன்னாடி போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுறோம். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே, தமிழர் பகுதிக்கு வாங்க. வைசியாள் வீதியில நடந்து பாருங்க. கீழ்த்தளம் அசல் தமிழ் வீடு: தெருவை ஒட்டித் தாழ்வாரம், மரத்தூண், திண்ணை, உள்ளே முற்றம். நிமிர்ந்து மாடியைப் பார்த்தா வளைவு ஜன்னல், சுவரோட ஒட்டின தூண் வேலைப்பாடு, மேலே அலங்காரக் கைப்பிடிச் சுவர். ரெண்டும் ஒரே வீடு. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையும் இந்த வகைதான். கவர்னர் டூப்ளேயோட துபாஷ், 1736-லிருந்து 1761 வரை தமிழ்ல நாட்குறிப்பு எழுதினவர். கீழே மரத்தூண்கள், மேலே ஐரோப்பிய பாணியில கட்டின வெள்ளைத் தூண்கள்.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, தமிழ்த் தூணுக்கு யாரும் ஃப்ரெஞ்சு வேஷம் போட்டு விடல. அதது அதனோட தளத்துல அதனோட வேலையைச் செய்யுது. திண்ணை வந்து போறவங்களுக்கு, முற்றம் காத்துக்கும் வெளிச்சத்துக்கும். சாய்வா மரப்பட்டைகள் வெச்ச ஜன்னல் கதவு வெயிலை வெளியவே நிறுத்திட்டு காத்தை மட்டும் உள்ள விடும். ரெண்டு மாட்யூல், நடுவுல தெளிவான இன்டர்ஃபேஸ். (சரி, கோடிங் பேச மாட்டேன்னு சொன்னேன்ல. விடுங்க.)

இதை இப்போ ஏன் பேசுறேன்னா, மயிலாப்பூர்ல குளத்துக்குப் பக்கத்துல இருக்கிற எங்க பெரியம்மா வீடு அடுத்த மாசம் பில்டர் கைக்குப் போகுது. அக்காவும் பெரியம்மாவும் அடையாறு ஃப்ளாட்டுக்குக் குடி போறாங்க. இன்டீரியர் பண்றவர் கொடுத்த கொட்டேஷன்ல வெள்ளை டிரெஸ்ஸிங் டேபிள், வெள்ளை அலமாரி, எல்லாம் எம்.டி.எஃப். அதே வாரம் பழைய மரக்கடைக்காரர் வந்து பர்மா தேக்கு பீரோ, எழுத்து மேஜை, மரப்பட்டை வெச்ச ஆறு ஜன்னல் கதவு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லிட்டுப் போயிருக்கார். அந்த வெள்ளை அலமாரி விலையில பாதிகூட இல்ல. “அப்போ பீரோவுக்கே வெள்ளை அடிச்சு எடுத்துட்டுப் போயிடலாமாடா?”ன்னு அக்கா கேட்டாங்க. பெரியம்மா ஒண்ணும் சொல்லல, எழுந்து உள்ள போயிட்டாங்க. அவங்க கல்யாணமாகி வந்தப்பவே அந்த வீட்ல இருந்த பீரோ அது.

நான் அக்காகிட்ட சொன்னது இதுதான். தேக்கைத் தேக்காவே விடு. சுத்தம் பண்ணி, மெழுகு பாலிஷ் போட்டா போதும். ஃப்ரெஞ்சு ஆசையைச் சுவர்ல காட்டு: பீரோவுக்குப் பின்னாடி இருக்கிற ஒரே ஒரு சுவருக்கு வெளிர் மஞ்சள். ஆறு ஜன்னல் கதவுல நாலைக் கீல் போட்டு மடக்கித் தட்டி மாதிரி பால்கனியில நிறுத்து. சாயங்கால வெயில் ஹாலுக்குள்ள வராது. அந்தக் கதவு இத்தனை வருஷமா பார்த்த வேலையும் அதானே. சிவப்பு ஆக்சைடு தரையை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. அதைப் பேர்த்து எடுத்தா தூளாத்தான் வரும்.

செடி விஷயம் சுருக்கமா. லாவெண்டருக்கு நம்ம ஊர்ப் புழுக்கம் ஆகாது, காசு வேஸ்ட். அடையாறு உப்புக்காத்துல இரும்பு நாற்காலியும் சீக்கிரம் துரு ஏறிடும். பிரம்பு நாற்காலி போடுங்க, மழைக்கு மட்டும் உள்ள எடுத்து வெச்சா போதும். பூவுக்குக் காகிதப்பூ. அதோட பேரான ‘போகன்வில்லா’ பூகன்வீல்ங்கிற ஃப்ரெஞ்சு கடலோடி பேர்லேர்ந்து வந்தது. 1760-கள்ல அவர் உலகத்தைச் சுத்தினப்போ, கூட வந்த தாவரவியலாளர் கொமர்சோன் பிரேசில்ல பார்த்த செடி. பக்கத்துல மரிக்கொழுந்து, துளசி. வாசனைக்கு வேற என்ன வேணும்?

அக்கா பாதி சம்மதிச்சிருக்காங்க. பீரோ ஏழடி உயரம், ஃப்ளாட் லிஃப்ட்ல ஏறாது. நாலு பேர் வெச்சு மூணு மாடி படியில தூக்கணும். மரக்கடைக்காரர் ஞாயித்துக்கிழமை வர்றார். நான் சனிக்கிழமையே டேப் எடுத்துட்டுப் போய் அந்தப் படி திருப்பத்தோட அகலத்தை அளந்து பார்க்கப் போறேன்.